தண்ணீர் குடிக்க விடுங்கள், மாஸ்டர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை டிவியில் புரூஸ் லீயைப் பற்றிய ஆவணப்படத்தைப் பேரனோடு உட்கார்ந்து பார்த்தேன். அவன் கராத்தே படிக்கிறான். நான் வாலிநோக்கம் உப்பளத்தில் 22 வருஷம் உப்பு வாரியவள். எங்கள் தெருவில் டெக் வாடகைக்கு எடுத்து ‘என்டர் தி டிராகன்’ போட்ட ராத்திரி கரண்ட் போய்ப் போய் வந்தது. அந்தக் கண்ணாடி அறைச் சண்டையை மூன்று தவணையாகப் பார்த்தோம். அன்றைக்குப் பிடித்தது அந்த ஒல்லி மனிதர்மேல் ஒரு பாசம்.

படம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. சான்பிரான்சிஸ்கோவில் பிறந்து ஹாங்காங்கில் வளர்ந்தது, இப் மானிடம் வித்தை கற்றது, 1958-ல் சா-சா நடனப் போட்டியில் ஜெயித்தது எல்லாம் வந்தது. 1970-ல் முதுகில் அடிபட்டு மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்ததைச் சொன்னபோது பேரன் கண் கொட்டவில்லை.

என் குறையெல்லாம் சாவைச் சொன்ன விதத்தில்தான். 1973 ஜூலை 20-ல், 32 வயதில் போய்விட்டார். 1,400 கிராம் இருக்க வேண்டிய மூளை 1,575 கிராம் வீங்கியிருந்தது. தலைவலி மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று அப்போது சொன்னார்கள். அதோடு விடாமல் குடும்பச் சாபம், விஷம், ரௌடிக் கும்பல் என்று கால் மணி நேரம் பயமுறுத்தும் இசையோடு சுற்றுகிறார்கள். சாபக் கதை கேட்க ஹாங்காங் வரை போவானேன், எங்கள் ஊரிலேயே ஆள் இருக்கிறது.

ஆனால் அதே வருஷம், சாவுக்கு முன்னால் மே 10-ம் தேதி டப்பிங் அறையில் மயங்கி விழுந்து வலிப்பு வந்ததை ஒரே வரியில் தாண்டிவிட்டார்கள். பேரன்தான் போனில் தேடிப் படித்துக் காட்டினான். சத்தம் பதிவாகிவிடும் என்று ஏசியை நிறுத்திய அறையாம். வெக்கை தாக்கியிருக்கலாம் என்கிறார் 2018-ல் அவர் வாழ்க்கையை எழுதிய மேத்யூ பாலி. குடித்த தண்ணீரைச் சிறுநீரகம் வெளியேற்றாமல், ரத்தத்தில் உப்பு குறைந்து மூளை வீங்கியிருக்கலாம் என்று 2022-ல் ஸ்பெயின் டாக்டர்கள் எழுதினார்கள். இரண்டும் யூகம்தான். ஆனாலும் பாத்தியில் நின்றவளுக்கு இரண்டும் புரியும்.

ஒரு சித்திரை மாசம், உச்சி வெயில். என் பக்கத்தில் பலகை இழுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். கை கால் இழுத்தது. கணக்குப்பிள்ளை “நடிக்கிறா” என்றார். மூத்தவர்கள்தான் நிழலுக்குத் தூக்கிப்போய் ஈரத்துணி போட்டார்கள். “வெறுந்தண்ணிய மடக்கு மடக்குன்னு குடிக்காதீகடி, உப்புப் போட்ட நீராகாரம் குடிங்க” என்று அவர்கள் தினமும் திட்டுவதன் அர்த்தம் அன்றைக்குத்தான் விளங்கியது. நாள் முழுக்க உப்பில் நின்றோம். உடம்பில் உப்பு இல்லாமல் விழுந்தோம்.

இதை எழுதக் காரணம் பேரனின் வகுப்பு. கோடை லீவில் மதியம் 2 மணிக்குத் தகரக் கொட்டகையில் நடக்கிறது. முடியும்வரை யாரும் தண்ணீர் குடிக்கக் கூடாதாம், அதுதான் கட்டுப்பாடாம். “புரூஸ் லீ இப்படித்தான் பழகினார்” என்று மாஸ்டர் சொல்கிறாராம்.

அந்த ஆவணப்படத்தை மறுபடி போட்டால், சாபத்தைக் குறைத்து டப்பிங் அறையைக் கொஞ்சம் விவரமாகக் காட்டட்டும். வகுப்புக்குப் போகும் பேரனிடம் தூக்குவாளியில் உப்புப் போட்ட நீராகாரம் கொடுத்துவிடுகிறேன். “மாஸ்டர் திட்டுவார் அப்பத்தா” என்று தினமும் அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறான்.

இப்படிக்கு,
உப்பளத்தில் வேலை பார்த்த ஒரு வாசகி,
வாலிநோக்கம், ராமநாதபுரம் மாவட்டம்.