கத்தரித் தோட்டத்தில் உடன் நின்றவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

விலங்கியல் இறுதியாண்டு ஆய்வேட்டை இந்த வாரம் வேலூரில் எங்கள் கல்லூரியில் ஒப்படைத்துவிட்டேன். நன்றியுரைக்கு ஒரு பக்கம்தான் ஒதுக்கியிருந்தார்கள். துறைத்தலைவர், வழிகாட்டி என்று எழுதும்போதே அது நிரம்பிவிட்டது. விட்டுப்போனவர்களுக்கு இந்த மடல்.

முதல் நன்றி பள்ளியில் கணக்கு எடுத்த மிஸ்ஸுக்கு. பிளஸ் ஒன்னில் உயிரியலும் கணக்கும் சேர்ந்த குரூப்பை நான் எடுத்தபோது, "டாக்டருக்கா, இன்ஜினியருக்கா, ஒன்றைச் சொல்" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். மிஸ் ஒன்றும் கேட்கவில்லை. மரபியலைத் தொடங்கி வைத்த மெண்டல் எண்ணிய பட்டாணியைக் கரும்பலகையில் எழுதினார்: உருண்டை 5474, சுருங்கியது 1850. "வகுத்துப் பார்" என்றார். 2.96 வந்தது, கிட்டத்தட்ட மூன்றுக்கு ஒன்று. செடிக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது இலவம்பாடி முள் கத்தரி. 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த நம் அணைக்கட்டு வட்டத்துக் காய். அதைத் துளைக்கும் புழு தோட்டம் முழுக்கத் தற்செயலாகத் தாக்குகிறதா, சில இடங்களில் கும்பலாகத் தாக்குகிறதா என்பதே கேள்வி. செடிக்குச் செடி சொத்தைக் காய்களை எண்ண வேண்டும். எண்ணிக்கையின் விலக்க வர்க்கச் சராசரி (செடிக்குச் செடி எண்ணிக்கை எவ்வளவு சிதறியிருக்கிறது என்பதன் அளவு), சராசரிக்குச் சமமாக வந்தால் தாக்குதல் தற்செயல். அதைவிடப் பெரிதாக வந்தால் கும்பல்.

தோட்டம் சின்னம்மாவுடையது. முதல் மூன்று ஞாயிறும் எண்ணினேன், சொத்தையே அகப்படவில்லை. சந்தோஷமாகச் சொன்னேன். "அதான் நேத்தே பொறுக்கி வரப்புல போட்டுட்டேனே!" என்றார் சின்னம்மா. மூன்று வாரக் கணக்கும் வீண். அழுதுவிட்டேன். மறுவாரம் போனபோது வரிசைக்கு ஒரு பழைய சிமெண்ட் பை, ஒவ்வொன்றிலும் அந்த வரிசையின் சொத்தை. எந்தச் செடியோ அதன் அடியில் காய்க்கு ஒரு கூழாங்கல். அறுவடை நாளில், விரலில் முள் ஏற ஏற, இதைச் செய்திருக்கிறார். என் தரவு என்று நான் எழுதியதெல்லாம் அந்தக் கற்கள்தான்.

ஆய்வகத்து அண்ணனுக்கும் நன்றி. ஒரு காயைப் பிளந்து, எச்சம் அடைத்த சுரங்கத்தின் முடிவில் கிடந்த இளஞ்சிவப்புப் புழுவைக் காட்டியவர் அவர். நான் சோர்ந்திருந்த நாளில் 1986-ஐப் பற்றிச் சொன்னார். சென்னையில் படித்துக்கொண்டிருந்த நிர்மலா, ரத்த மாதிரிகளை வீட்டு ஃபிரிட்ஜில் காத்து, ஐஸ் பெட்டியில் வைத்து இரவு ரயிலில் காட்பாடிக்குக் கொண்டுவந்து, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் சோதித்தபோதுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரிந்தது. அவரும் அப்போது மாணவிதான். காட்பாடி ஸ்டேஷனைக் கடக்கும்போதெல்லாம் அந்த ஐஸ் பெட்டியை நினைத்துக்கொள்கிறேன்.

ஞாயிறுதோறும் ஒடுகத்தூர் பஸ்ஸில் என் பைகளுக்கு இடம் விட்ட நடத்துநர் அண்ணனுக்கும், கணினியில் அட்டவணை போட்டுத் தந்த விடுதித் தோழிக்கும் என் அன்பு.

சின்னம்மா, முடிவு உங்களுக்குத் தெரிய வேண்டும். கும்பலாகத்தான் தாக்குகிறது, அதுவும் வரப்போர வரிசைகளில். வரப்பில் எறிந்த காயிலிருந்து புழு வெளியேறி, மண்ணில் கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாகத் திரும்ப வருகிறது என்றுதான் நினைக்கிறேன். இனி சொத்தையைக் குழியில் போட்டு மூடுவோம். இந்த ஞாயிறு முதல் பஸ்ஸுக்கு வருகிறேன், குழியை நானே வெட்டுகிறேன். மண்வெட்டியை மட்டும் எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்