தீ குடைந்த மலை

அன்புள்ள செல்வராஜ்,

முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்ன பிறகும் மொட்டை மாடிச் செடிகளுக்கு நீதான் தண்ணீர் ஊற்றுகிறாய் என்று கேள்விப்பட்டேன். தங்கச்சி சொல்வதையாவது கேள். நீங்கள் கொடுத்தனுப்பிய வெள்ளி அரைஞாணைப் பேத்திக்குக் கட்டிவிட்டோம். இடுப்பில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.

கட்டிய மறுநாளே, வெள்ளி பிறந்த மலைக்குள் போய் வந்தேன். ஓஸ்லோவிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், கோங்ஸ்பெர்க் என்ற ஊர். 1623இல் மாடு மேய்த்த இரண்டு பிள்ளைகள், காளை கொம்பால் உரசிய பாறையில் ஏதோ மின்னுவதைக் கண்டார்களாம். ஊரார் சொல்லும் கதை அது. பிறகு முந்நூறு ஆண்டுக்கு மேல் தோண்டி, சுமார் 1,300 டன் வெள்ளி எடுத்திருக்கிறார்கள். 1958இல் மூடிய சுரங்கம் இன்று அருங்காட்சியகம்.

குட்டி ரயிலில் 2.3 கிலோமீட்டர் மலைக்குள் போக வேண்டும். தண்டவாளச் சத்தத்தில் அருகில் இருந்த மருமகன் பேசியதே கேட்கவில்லை. இறங்கும் இடத்தில் தலைக்கு மேல் 342 மீட்டர் பாறை. வெளியே நல்ல கோடை வெயில், உள்ளே 6 டிகிரி குளிர்.

நான் நெடுநேரம் நின்றது ஒரு பழைய குடைவுச் சுவரின் முன்னால். உளி பட்ட தடமே இல்லை. பானையின் உட்புறம் போல வளைந்து, வழவழப்பாக இருந்தது. பாறை அவ்வளவு கெட்டி என்பதால் விறகை அடுக்கித் தீ மூட்டுவார்களாம். சூட்டில் பாறை விரிந்து வெடிப்பு விடும். பிறகு சுத்தியலால் தட்டிப் பெயர்ப்பார்கள். ஒரு தீக்கு விரற்கடை அளவுதான் நகர முடியும். வெடிமருந்து வந்த பிறகும் நெடுங்காலம் இப்படித்தான் குடைந்தார்கள். அந்தப் புகையை மூச்சில் வாங்கியவர்களை நினைத்துக்கொண்டே சுவரைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

வேலை முடிந்து மேலே வருவது அடுத்த பாடு. நூற்றுக்கணக்கான மீட்டர் ஏணியிலேயே ஏறியிருக்கிறார்கள். பின்னாளில் ஒரு பொறி வைத்தார்கள். அருகருகே இரண்டு நீண்ட கம்பங்கள், அவற்றில் கால் வைக்கப் படிகள். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். இரண்டும் நொடிப்பொழுது நிற்கும்போது இதிலிருந்து அதற்குக் கால் மாற்றினால், அது ஆளை மேலே தூக்கும். மறுபடி கால் மாற்ற வேண்டும். இருட்டில், களைத்த உடம்போடு, ஒரு முறைகூடத் தவறக் கூடாது. உன் முழங்கால்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

ஊருக்குள் இன்னொரு அருங்காட்சியகத்தில் மலையிலிருந்து எடுத்த வெள்ளியை அப்படியே வைத்திருக்கிறார்கள். தாதுவாக இல்லை, கம்பியாகவே விளைந்த வெள்ளி! வெள்ளைக் கல்லிலிருந்து முறுக்கிக்கொண்டு புறப்பட்டிருந்தது. ஆசாரி முறுக்கிய கொடி என்றுதான் முதலில் எண்ணினேன்.

உனக்கென்று ஒரு செய்தியும் வைத்திருக்கிறேன். 1624இல் இந்த ஊரை நிறுவியவர் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்தியான். அன்று நார்வேயும் அவர் ஆட்சியில்தான் இருந்தது. தரங்கம்பாடியில் நாம் நுங்கு தின்றுகொண்டு கடல் பார்த்த டான்ஸ்போர்க் கோட்டை, 1620இல் எழும்பியதும் அதே மன்னரின் காலத்தில்தான்! அவர் பெயரைக் கேட்டதும் நம் ஊர்க்காரரை வெளியூரில் பார்த்தது போல இருந்தது. மருமகனிடம் கோட்டையைப் பற்றிச் சொல்லத் தொடங்கியவன் வீடு வந்து சேரும்வரை நிறுத்தவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் திரும்புகிறேன். வந்த வாரமே ஒரு மாலை கோட்டைக்குப் போவோம். படி ஏற வேண்டாம், மணலில் உட்கார்ந்து பேசலாம்.

அன்புடன்,
ராமு