போனில் என்னிடம் சொன்ன மாதிரியே அங்கேயும் சொல்

அன்புள்ள கண்ணா,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. "கேட்டதெல்லாம் தெரிஞ்சதுதாம்மா, சொல்லத்தான் வரலை" என்றாயே, அப்போது உன் குரல் அப்படி இறங்கிப்போயிருந்தது. ஆறுதல் சொல்ல ஆரம்பித்தால் சொல்ல வேண்டியது விட்டுப்போகும் என்றுதான் நேற்று பேச்சைச் சுருக்கிக்கொண்டேன். வியாழக்கிழமை அடுத்த இன்டர்வியூவுக்குப் போகுமுன் இதை நிதானமாகப் படி.

வேலையில் கடைசிப் பதினொரு வருஷம் நான் ஆள் எடுக்கும் குழுவில் இருந்தது உனக்குத் தெரியும். அங்கே நடந்ததை வீட்டில் பேசியதில்லை. வந்தவர்கள் நம்பிச் சொன்னதை வெளியே கொண்டுவரக் கூடாது என்று நினைத்தேன். உனக்கு உதவும் என்பதால் இப்போது யார் பெயரும் இல்லாமல் கொஞ்சம் சொல்கிறேன்.

எதிரே இருப்பவர்கள் உன் தப்பைப் பிடிக்கத்தான் காத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறாய். அப்படி இல்லையப்பா. எங்கள் கையில் ஒரு தாள் இருக்கும். வருகிற எல்லோருக்கும் அதே கேள்விகள்தான். ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட ஒரு கட்டம், அந்த மதிப்பெண் ஏன் என்று எழுத இரண்டு வரி இடம். ஆளுக்கு ஆள் ஒவ்வொரு மாதிரி பேசிவிட்டு, மனசுக்குப் பிடித்தவரை எடுத்துவிடக் கூடாது என்பதற்காக வந்த முறை அது. அந்த இரண்டு வரியை நிரப்ப ஏதாவது கிடைக்குமா என்று பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்போம். "நான் கடினமாக உழைப்பேன், எல்லோரோடும் அனுசரித்துப் போவேன்" என்று ஒருவர் ஐந்து நிமிஷம் பேசியிருப்பார். பொய் சொல்லியிருக்க மாட்டார். ஆனாலும் எழுத ஒன்றும் இருக்காது. நல்ல பிள்ளை, கையில் ஏதாவது கொடுத்தால் மேலே போட்டுவிடலாமே என்று நான் தவித்த நாட்கள் நிறைய.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். "ஒரு பிரச்சினையை எப்படித் தீர்த்தீர்கள்?" என்று கேட்டதற்கு, "சரக்குக் கிடங்கில் அனுப்பும் முறையை மேம்படுத்தினோம், பிழைகள் குறைந்தன" என்று சொன்னதாகச் சொன்னாய். அதே விஷயத்தைப் போன வருஷம் ஒருநாள் ராத்திரி என்னிடம் எப்படிச் சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? எனக்கு ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருக்கிறது. திரும்பி வருகிற பெட்டிகள் மாசத்துக்கு முப்பது, நாற்பது என்று ஏறிக்கொண்டே போனது. எல்லோரும் பேக்கிங் செய்கிற பையன்களைத் திட்டினார்கள். நீ மட்டும் இரண்டு நாள் சாயங்காலம் ஷிப்ட் முடிந்த பிறகு அங்கேயே நின்று, திரும்பி வந்த ஒவ்வொரு பெட்டியையும் பிரித்துப் பார்த்தாய். பாதிக்கு மேல் அதே இரண்டு பொருள்தான் மாறிப் போயிருந்தது. இரண்டுக்கும் குறியீட்டு எண்ணில் கடைசி இலக்கம் மட்டும்தான் வேறு, இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் இருந்தன. ஒன்றைத் தூக்கி அடுத்த வரிசையில் வைத்து, லேபிளின் நிறத்தை மாற்றினாய். அடுத்த மாசம் ஆறே பெட்டிதான் திரும்பி வந்தது. "பசங்களை இனிமே யாரும் திட்ட மாட்டாங்கம்மா" என்று முடித்தாய்.

இதைச் சொல்ல உனக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கிடங்கு எப்படி இருக்கும் என்றே தெரியாத எனக்கு அந்த இரண்டு தட்டும் கண்ணில் தெரிந்தது. என்ன நடந்தது, உன் பொறுப்பு என்ன, நீ என்ன செய்தாய், என்ன ஆனது என்ற நான்கும் அதில் வரிசையாக வந்துவிட்டன. இந்த வரிசையைத்தான் இன்டர்வியூவுக்குத் தயார்செய்பவர்கள் எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். நீ யாரிடமும் படிக்காமலே சொன்னாய். அங்கே போனதும் அதை மூட்டை கட்டி வைத்துவிட்டு, "மேம்படுத்தினோம்" என்ற ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய்.

ஏன் அப்படி ஆகிறது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். நமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று எதிரே இருப்பவருக்கும் பாதி தெரிந்திருக்கும் என்று நாம் நம்பிவிடுகிறோம். 1990-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி ஒரு சோதனை செய்தார். ஒருவர் தெரிந்த பாட்டின் தாளத்தை விரலால் மேஜையில் தட்ட வேண்டும், கேட்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். தட்டியவர்கள் பாதிப் பாட்டையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். தட்டிய 120 பாட்டில் கண்டுபிடிக்கப்பட்டது மூன்றே மூன்று. தட்டுகிறவர் மனசுக்குள் பாட்டு முழுசாக ஓடிக்கொண்டிருக்கிறது, கேட்பவர் காதில் விழுவது வெறும் டக் டக். "முறையை மேம்படுத்தினோம்" என்று நீ சொன்னபோது உன் மனசுக்குள் அந்த இரண்டு சாயங்காலமும் ஓடியிருக்கும். அவர்கள் காதில் விழுந்தது வேறு, கண்ணா.

இன்னொன்று, "மேம்படுத்தினோம்" என்று சொன்னாய் பார். அந்த "ஓம்" எனக்கு உறுத்துகிறது. நான், நான் என்று பேசுவது திமிர் என்று சின்ன வயசிலிருந்து உனக்குச் சொன்னதே நான்தான், அதை இப்போதும் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அறையில் அவர்கள் கேட்பது உன்னைப் பற்றி. எங்கள் தாளில் "குழு செய்தது, இவர் பங்கு தெரியவில்லை" என்று எழுதிவிட்டு 2 போட்டிருக்கிறோம். பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தது நீ, அதை "பார்த்தேன்" என்று சொல். தட்டுகளை நகர்த்தியது நீயும் இன்னும் இரண்டு பேரும், அதை "நகர்த்தினோம்" என்று சொல். உள்ளது உள்ளபடி சொல்வதில் திமிர் எங்கிருந்து வரும்?

பதில் சொல்வதற்கு முன்னால் கேள்வியை முழுசாகக் கேட்பது என்று ஒன்று இருக்கிறது. இதில் நானே அடிபட்டிருக்கிறேன். என் முதல் இன்டர்வியூவில் "நீங்கள் சொன்ன யோசனையை மேலதிகாரி ஒத்துக்கொள்ளாதபோது என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்கள். "மேலதிகாரி" என்ற சொல் காதில் விழுந்ததுமே, பெரியவர்களிடம் நான் எவ்வளவு மரியாதையாக நடப்பேன் என்று பேச ஆரம்பித்துவிட்டேன். நான் பேசி முடித்ததும் அந்த அம்மா பேனாவை மூடி வைத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அவர் கேட்டது என்னவென்று பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அதனால் சொல்கிறேன், கேள்வி முடிந்ததும் ஒரு மூச்சு விடு. பயப்படாதே, நீ நினைக்கிற அளவுக்கு அது நீளமான மௌனம் இல்லை. ஜப்பானிய மொழி, டேனிஷ் உட்படப் பத்து மொழிகளில் சாதாரணப் பேச்சை அளந்து 2009-இல் ஒரு ஆய்வு வந்தது. ஒருவர் கேட்டு முடித்து அடுத்தவர் பதில் சொல்லத் தொடங்குவதற்கு நடுவே இருக்கிற இடைவெளி சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். அந்த வேகத்துக்குப் பழகிப்போனதால்தான் மூன்று விநாடி சும்மா இருந்தால் உனக்கு ஏதோ யுகம் மாதிரி இருக்கிறது. எதிரே இருப்பவர் அப்போது முந்தின பதிலை எழுதிக்கொண்டிருப்பார். "ஒரு நிமிஷம் யோசித்துச் சொல்கிறேன்" என்று சொன்ன யாருக்கும் நாங்கள் மதிப்பெண் குறைத்ததில்லை. கேள்வி புரியவில்லை என்றால், "அனுப்புவதில் வந்த பிழையைக் கேட்கிறீர்களா, கணக்கில் வந்த பிழையையா?" என்று நீ புரிந்துகொண்டதைச் சொல்லியே கேள். வெறுமனே "புரியல" என்று நிறுத்திவிடாதே.

தெரியாதது வந்தால் தெரியாது என்றே சொல். ஆனால் அதோடு விட்டுவிடாதே. ஒரு பெண் வந்திருந்தாள், உன்னைவிடச் சின்னவளாக இருப்பாள். நாங்கள் கேட்ட மென்பொருளை அவள் தொட்டதே இல்லை. "இதில் வேலை செய்ததில்லை. ஆனால் இதே வேலையை வேறு விதமாகச் செய்திருக்கிறேன், வரைந்து காட்டலாமா?" என்று கேட்டாள். தாள் கொடுத்தோம். நான்கு கட்டம் வரைந்தாள், எங்கிருந்து எங்கே தகவல் போகிறது என்று அம்புக்குறி போட்டாள், மூன்றாவது கட்டத்தில் பேனாவை நிறுத்தி "இங்கேதான் தப்பு வரும், இங்கே ஒருவர் சரிபார்க்கணும்" என்றாள். நாங்கள் மூன்று பேரும் எங்களை அறியாமலே அந்தத் தாளின் மேல் குனிந்திருந்தோம். வேலை அவளுக்குத்தான் கிடைத்தது.

பழைய வேலையை ஏன் விட்டாய் என்று கட்டாயம் கேட்பார்கள். அங்கே உனக்கு நடந்தது நியாயமில்லை, எனக்கும் அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் அதை அங்கே கொட்டாதே. உன் பக்கம் நியாயம் இருக்கிறதா என்று பார்க்க அவர்களுக்கு வழியில்லை, கோபம் மட்டும்தான் கண்ணில் படும். "பொறுப்பு மாறியது, எனக்குத் தெரிந்த வேலையைச் செய்ய இடமில்லாமல் போனது, அதனால் விலகினேன்" என்று இரண்டு வாக்கியத்தில் உண்மையைச் சொல்லிவிட்டு நிறுத்து. நிறுத்துவதுதான் கஷ்டம். சொல்லி முடித்த பிறகு அவர்கள் பேசாமல் இருந்தால், அந்த இடத்தை நிரப்ப வேண்டும் என்று தோன்றும். நிரப்பாதே.

வியாழக்கிழமை நடப்பது வீடியோவில் என்றாய் அல்லவா? திரையில் தெரியும் முகத்தைப் பார்த்துப் பேசினால், அவர்களுக்கு நீ கீழே எதையோ பார்க்கிற மாதிரி இருக்கும். முக்கியமான வாக்கியத்தைச் சொல்லும்போதாவது கேமராவைப் பார். குரல் போய்ச் சேரக் கொஞ்சம் தாமதமாகும், அதனால் அவர்கள் முடித்த பிறகு வழக்கத்தைவிட ஒரு நொடி அதிகமாகவே பொறு. அவர்கள் பேசுகிற மொழியில் உனக்குச் சரளம் குறைவு என்ற பயம் இருக்கிறது, தெரியும். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசு. இரண்டு தட்டு, கடைசி இலக்கம், லேபிளின் நிறம் என்று சொல்ல எந்த மொழியிலும் பெரிய சொல் தேவைப்படாது.

சம்பளப் பேச்சை முதலில் நீ எடுக்காதே. அவர்கள் கேட்டால், முன்னாலேயே யோசித்து வைத்த தொகையைத் தயங்காமல் சொல். கடைசியில் "எங்களிடம் ஏதாவது கேட்கணுமா?" என்பார்கள். இல்லை என்று சொல்லிவிடாதே. இந்த வேலைக்கு வருகிறவர் முதல் மூன்று மாசத்தில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள் என்று கேள். அதைக் கேட்டவர்களிடம்தான் நாங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மனசுவிட்டுப் பேசியிருக்கிறோம்.

உன் வேலையில் நடந்த நான்கைந்து விஷயங்களை இப்படி யோசித்து வை. எல்லாமே ஜெயித்த கதையாக இருக்க வேண்டாம், தப்பாகப் போய் நீ திருத்திக்கொண்டது ஒன்றாவது இருக்கட்டும். எழுதி மனப்பாடம் செய்யாதே, அது குரலில் தெரிந்துவிடும். வாயால் சொல்லிப் பார்.

புதன்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டு வீடியோவில் கூப்பிடு. நான் தாளும் பேனாவும் எடுத்து வைத்துக்கொள்கிறேன், பழைய மாதிரியே கட்டம் போட்டு. அந்த லேபிள் கதையைத்தான் முதலில் கேட்பேன். உன் அம்மாவாக இல்லாமல், உன்னை அன்றைக்குத்தான் முதல்முறை பார்க்கிறவளாகக் கேட்பேன்.

அன்புடன்,
அம்மா