ஒரே பெயருக்கு எத்தனை முகங்கள்!

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரெஞ்சு ஆண்களின் பெயரான ‘ழான்’ நம் விளையாட்டுப் பக்கங்களில் ‘ஜீன்’ என்று அச்சாவதைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. ‘ஹுவான்’ என்ற ஸ்பானியப் பெயர் ‘ஜுவான்’ ஆகிவிடுகிறது. ஜெர்மானிய இசைமேதை பாக்கின் முதற்பெயர் யோஹான். அதை ‘ஜோஹன்’ என்கிறோம்.

இவை எல்லாம் ஒரே பெயர்தான். எபிரேய மொழியில் ‘யோஹனான்’, அதாவது ‘கடவுள் அருளினார்’. அது கிரேக்கத்தில் ‘யோவான்னேஸ்’ ஆகி, பெரும்பாலும் லத்தீன் வழியாக ஐரோப்பா முழுக்கப் பரவியது. இத்தாலியின் ஜியோவானி, ரஷ்யாவின் இவான், போலந்தின் யான், ஹங்கேரியின் யானோஷ், அயர்லாந்தின் ஷான், ஸ்காட்லாந்தின் இயான், இங்கிலாந்தின் ஜான் எல்லாரும் அந்த ஒரு வேரின் கிளைகள். ஜெர்மனியில் ‘யோஹான்னெஸ்’ சுருங்கி ‘ஹான்ஸ்’ ஆனபோது தலை போய் வால் மட்டும் மிஞ்சியது. ஜான்சன், இவானோவ் போன்ற குடும்பப் பெயர்களிலும் அதே அப்பன் பெயர்தான் ஒளிந்திருக்கிறது.

எங்கள் மாவட்டத்து ஓரியூரில் 1693-இல் உயிர்நீத்த புனிதரும் லிஸ்பனில் பிறந்த ஒரு ‘ஜுவாவ்’ தான். ஆங்கிலத்தில் ஜான் டி பிரிட்டோ; நமக்கோ அருளானந்தர். விவிலியத்தின் யோவானை ‘அருளப்பர்’ என்று அழைத்த பழைய தலைமுறை, ஒலியை விட்டுப் பொருளைப் பிடித்துக்கொண்டது. என்ன அழகான தமிழாக்கம்!

பெயருக்கு உரியவர் தம் பெயரை எப்படிச் சொல்கிறாரோ, அப்படியே அச்சிடும்படி பத்திரிகைகளை வேண்டுகிறேன். ‘ழான்’ என எழுத நம்மிடம் ழகரம் இருக்கிறதே.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், இராமநாதபுரம்