படத்தின் கீழே பெயர் எழுதியவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

ஒளிப்படக் கலையைக் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டவன் நான். எந்தப் படத்தைக் காட்டினாலும் எடுத்தவரின் பெயரை முதலில் சொல்ல வேண்டும் என்று மாணவர்களிடம் வற்புறுத்தும் நானே, காசாவிலிருந்து வந்த எத்தனையோ படங்களைப் பெயர் பாராமல் கடந்து போயிருக்கிறேன். ஃபாத்திமா ஹசூனா என்ற பாலஸ்தீன ஒளிப்படக் கலைஞரின் பெயரை அவர் இறந்த பிறகே அறிந்தேன். அறியத் தந்தவர்களுக்குப் பட்ட கடனுக்காகவே இம்மடல்.

2025 ஏப்ரல் 16 அன்று காசா நகரின் அல்-துஃபா பகுதியில் இருந்த அவரது வீடு இஸ்ரேலிய வான்தாக்குதலுக்கு உள்ளானது. ஃபாத்திமாவுக்கு அப்போது வயது 25; திருமணத்துக்குச் சில நாள்களே இருந்தன. கருவுற்றிருந்த சகோதரி உட்படக் குடும்பத்தினர் பலரும் அவருடன் மாண்டனர். இறக்க நேர்ந்தால் தம் சாவு ஓசையோடு நிகழ வேண்டும், வெறும் எண்ணாகப் போய்விடக் கூடாது என்று 2024 ஆகஸ்டிலேயே அவர் எழுதி வைத்திருந்தார்.

முதல் நன்றி ஈரானிய இயக்குநர் செபிதே ஃபார்சிக்கு. வெளிநாட்டுச் செய்தியாளர்கள் தாமாகக் காசாவுக்குள் நுழைய இஸ்ரேல் அனுமதிக்காத நிலையில், 2024 ஏப்ரல் தொடங்கி ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அவர் ஃபாத்திமாவுடன் காணொளி அழைப்பில் பேசினார். ஒரு கைபேசியில் தெரிந்த முகத்தை இன்னொரு கைபேசியால் பதிவு செய்து, ஃபாத்திமா எடுத்த படங்களையும் சேர்த்து ஆவணப்படமாக்கினார். இணைப்பு அறுகிறது, மூக்குக் கண்ணாடி அணிந்த முகம் பாதிச் சிரிப்பில் உறைந்து நிற்கிறது, மீண்டும் குரல் வரும்போது சொல்லவந்த பேச்சு எங்கோ போய்விட்டிருக்கிறது. வகுப்பறையில் இத்தகைய பிம்பங்களைக் கழித்துவிடச் சொல்லித்தான் நாங்கள் பழக்குகிறோம். கழிக்காமல் விட்டதற்காக அவருக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும், ஏனெனில் முற்றுகைக்குள் வாழும் ஒருவரை வெளியிலிருந்து பார்ப்பது எப்படியிருக்கும் என்பதை அந்த உறைந்த சிரிப்பைவிடத் தெளிவாக எதுவும் எனக்குச் சொல்லவில்லை. அந்தப் படம் பிரான்சின் கான் திரைப்பட விழாவின் இணைப் பிரிவு ஒன்றுக்குத் தேர்வான செய்தியை ஏப்ரல் 15 அன்று ஃபார்சி தெரிவித்தபோது, தாம் வருவதாகவும் ஆனால் காசாவுக்குத் திரும்பிவிட வேண்டும் என்றும் ஃபாத்திமா சொன்னாராம். மறுநாள் அவர் இல்லை.

விழா மேடை அஞ்சலிகளின் மீது எனக்குப் பெரிய மதிப்பு இருந்ததில்லை. இருந்தாலும், 2025 மே 13 அன்று கான் தொடக்க விழாவில் நடுவர் குழுத் தலைவர் ஜூலியட் பினோஷ் ஃபாத்திமாவை நினைவுகூர்ந்தார். 350க்கும் மேற்பட்ட திரைக் கலைஞர்கள் ஃபாத்திமாவின் கொலையைக் கண்டித்துக் கையெழுத்திட்டனர். அவர்களுக்கும் நன்றி.

காசா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்த ரெஃபாத் அல்-அரீரின் மாணவர்களுக்கு நான் ஓர் ஆசிரியனாக நன்றி சொல்கிறேன். 2023 டிசம்பர் 6 அன்று சகோதரனுடனும் சகோதரியுடனும் சகோதரியின் பிள்ளைகளுடனும் அவர் கொல்லப்பட்டபோது, வகுப்பு நடத்திய பல்கலைக்கழகக் கட்டடங்கள் ஏற்கெனவே குண்டுவீச்சுக்கு இரையாகியிருந்தன. வகுப்பறை போன பின்னும் அவரிடம் படித்தவர்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். வானில் பறக்கும் பட்டத்தைப் பற்றிய அவரது கவிதையை முன்பின் அறியாத மனிதர்கள் தத்தம் மொழிகளுக்குக் கொண்டுபோனார்கள்.

கொல்லப்பட்ட ஊடகத்தாரின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் பட்டியலில் ஏற்றும் பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழுவின் ஊழியர்களை யாரும் மேடைக்கு அழைப்பதில்லை. ஃபாத்திமா இறக்கும் முன்பே அந்தப் பட்டியல் 150ஐக் கடந்திருந்தது. அவர்களுக்கும், அப்பட்டியலில் அடுத்து யார் பெயர் வரும் என்று தெரியாமலே, ஆளில்லா விமான இரைச்சலுக்குக் கீழே, சக ஊழியரின் இறுதி ஊர்வலத்தையும் படமெடுத்து அனுப்பிய காசா ஒளிப்படக்காரர்களுக்கும் என் நன்றி எவ்வகையிலும் ஈடாகாது.

இந்தப் பருவத்தின் முதல் வகுப்பை ஃபாத்திமாவின் படத்தோடு தொடங்கினேன். 'ஹசூனா'வா, 'ஹஸூனா'வா என்று ஒரு மாணவி கேட்டாள். அரபு தெரிந்த நண்பரைக் கைபேசியில் அழைத்து, அவர் சொன்னபடி வகுப்பு முழுவதும் சொல்லிப் பார்த்த பிறகே படத்தின் ஒளியைப் பற்றிப் பேசத் தொடங்கினோம்.

நன்றியுடன்,
ஓர் ஒளிப்பட ஆசிரியர்