அம்மா வீடு திரும்பிவிட்டார்

எங்கள் தெரு மக்களுக்கு வணக்கம்.

ஐப்பசி அடைமழையில் தாளடி வயலெல்லாம் தண்ணீர் நின்ற வாரம் அது. வரப்பு வளைக்குள் தண்ணீர் புகுந்தால் எலி வீட்டுக்கு வரும். எலிக்குப் பின்னால் பாம்பும் வரும். தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுத்திருந்த அம்மா விடிகாலை நாலு மணிக்கு வயிற்றுவலி என்று எழுந்தார். ராத்திரி சாப்பிட்ட மொச்சைக்குழம்புதான் காரணம் என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொடுத்தேன். அந்த அரை மணி நேரத்துக்காக இன்னும் என் மேலேயே எனக்குக் கோபம்.

எதிர்வீட்டு அக்காதான் முகத்தில் டார்ச் அடித்துப் பார்த்து, "கண்ணு ஏன் இப்படிச் சொருகுது? பாயை உதறுங்க" என்றார். தலையணைக்கு அடியில், கறுத்த உடம்பில் வெள்ளை வளையங்களோடு விரல் பருமனில் ஒரு கட்டுவிரியன். அது கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது, கடிவாய்கூடக் கண்ணில் படாது என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அக்கா, முதல் நன்றி உங்களுக்கு.

அடுத்தது மந்திரிக்கிற தாத்தாவுக்கு. ஓடிப்போய் அவரைக் கூட்டிவந்ததே நான்தான். மிளகைக் கொடுத்துக் காரம் தெரிகிறதா என்று கேட்பார், வேப்பிலை அடிப்பார் என்று நினைத்தேன். வாசலில் நின்றே பார்த்தவர், "விஷமில்லாத சாரை கடிச்சா மந்திரிப்பேன் தம்பி, எல்லாரும் பொழச்சுக்குவாங்க. இது என் கையில இல்ல. நூத்தியெட்டுக்குப் போன் போடு" என்றார். தொழில் ரகசியத்தையே போட்டு உடைத்த மனுஷன்!

வாய்க்கால் பாலம் வரைக்கும் சேற்றில் அம்மாவைக் கட்டிலோடு தூக்கி வந்த பிள்ளைகளுக்கும், ஆம்புலன்ஸ் தம்பிகளுக்கும் நன்றி. திருவாரூர் அரசு மருத்துவமனையில் முதலில் பத்துக் குப்பி விஷமுறி மருந்து, பிறகு மூன்று நாள் செயற்கை சுவாசம். இமையைத் திறக்க முடியாமல் கிடந்தவரிடம் நர்ஸம்மா மணிக்கொரு தரம், "அம்மா, என் விரலை அழுத்துங்க" என்பார். அம்மா அழுத்துவார். நான் வெளியே போய் அழுதுவிட்டு வருவேன்.

முகம் தெரியாதவர்களுக்கும் ஒரு நன்றி. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில், பாம்பு பிடிக்கும் இருளர் பழங்குடியினரின் கூட்டுறவுச் சங்கம் நடக்கிறது; 1978-இல் தொடங்கியது. இந்த முறிமருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் போகிறது. விஷத்தை எடுத்துக்கொண்டு பாம்பை உயிரோடு விட்டுவிடுகிறார்களாம்.

எங்கள் வீட்டுப் பாம்பைப் பையன்கள் அன்றே அடித்துவிட்டார்கள். "மழைக்கு ஒதுங்கின பூச்சியைப் போய்..." என்று அம்மாவுக்கு இன்னும் வருத்தம். வெள்ளிக்கிழமை புற்றுக்குப் பால் ஊற்ற வேண்டுமாம். ஊற்றட்டும். கட்டிலும் கொசுவலையும் வாங்கிப் போட்டுவிட்டேன். அதில் ஏறிப் படுக்கத்தான் மாட்டேன் என்கிறார். அக்கா, நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள்.