வயது முதிர்ந்த மாணவருக்கும் இசை வகுப்பில் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகோ பிள்ளைகள் தலையெடுத்த பிறகோ, நெடுங்காலம் ஆசைப்பட்ட வீணையையோ வயலினையோ புல்லாங்குழலையோ கையில் எடுப்பவர்களில் பலர், சில மாதங்களிலேயே அதை உறையிலிட்டு மூலையில் வைத்துவிடுகிறார்கள். வயதாகிவிட்டது, விரல் வளையவில்லை என்று அவர்களும் சொல்கிறார்கள், சுற்றியிருப்பவர்களும் ஆமோதிக்கிறார்கள். அறுபதை நெருங்கும்போது வயலின் கற்கத் தொடங்கியவன் என்ற முறையில், இது பாதி உண்மைதான் என்று சொல்வேன்.

விரல் வைக்க வேண்டிய இடத்தைக் காட்டும் குறுக்குக் கம்பிகளான மெட்டுகள் வீணையில் உண்டு, வயலினில் கிடையாது. இடக்கை விரல் ஓரிரு மில்லிமீட்டர் விலகினாலே சுரம் பிசகிவிடும். வில்லைச் சற்று அதிகமாக அழுத்தினால் தந்தி கரகரக்கிறது; அழுத்தம் குறைந்தால் வில் வழுக்கி, ஒலி காற்றாய்ப் போகிறது. பல்லாண்டுகள் நல்ல இசையைக் கேட்டுத் தேர்ந்த காது இந்தப் பிசகை அந்தக் கணமே பிடித்துவிடுகிறது, ஆனால் அதைத் திருத்தும் பழக்கம் கைக்கு இன்னும் வந்திருக்காது. எட்டு வயதுக் குழந்தை தன் வாசிப்பைக் கேட்டு இவ்வளவு கூசுவதில்லை. என்னுடன் கற்கத் தொடங்கி நின்றுபோனவர்களில் பெரும்பாலோரை விரட்டியது இந்தக் கூச்சமே என்பது என் துணிபு.

இளமையில் தொடங்குவதன் பலனை நான் மறுக்கவில்லை. தந்தி வாத்தியக் கலைஞர்களின் மூளையில் இடக்கை விரல்களுக்கான பகுதி விரிந்திருப்பதையும், சிறு வயதில் தொடங்கியவர்களிடம் அந்த மாற்றம் கூடுதலாக இருப்பதையும் 1995ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அதே வேளையில், 60 முதல் 85 வயது வரையிலானவர்களுக்கு ஆறு மாதம் தனித்தனியாகப் பியானோ கற்பித்த வேறோர் ஆய்வு, கவனத்தையும் சிந்தனை வேகத்தையும் அளக்கும் சில சோதனைகளில் அவர்கள் முன்னேறியதை 2007இல் பதிவு செய்திருக்கிறது. முதுமையிலும் மூளை கற்றுக்கொள்கிறது. அதற்கேற்பக் கற்பிக்கும் முறைதான் அரிதாக இருக்கிறது.

நான் முதலில் அணுகிய இசை வகுப்பில், குழந்தைகளுக்கு மட்டுமே சேர்க்கை என்று கூறி அனுப்பிவிட்டார்கள். சேர்த்துக்கொள்ளும் இடங்களிலும் குழந்தைக்கு வகுத்த பாடமே அப்படியே நடக்கிறது. சரளி வரிசை என்னும் தொடக்கநிலைச் சுரப் பயிற்சியைக் காரணம் கேளாமல் நூறு முறை வாசிக்கக் குழந்தைக்கு முடியும்; பெரியவருக்கோ, கட்டைவிரல் ஏன் இறுகக் கூடாது, தோள் ஏன் உயரக் கூடாது என்று விளக்கிவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். விறைத்த மூட்டுகளுக்குச் சிறிது நேரம் இளக்கம் கொடுத்த பிறகே வாத்தியத்தைத் தொடச் சொல்ல வேண்டும். வார இறுதியில் இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டுவதைவிட, நாள்தோறும் இருபது நிமிடம் மெதுவாக வாசிப்பது கைக்குள் ஆழமாக இறங்குகிறது என்பதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். தேர்வும் மேடையும் எல்லோருக்கும் இலக்காக இருக்க வேண்டியதில்லை. தனக்குப் பிடித்த ஒரு பாட்டைச் சுருதி விலகாமல் வாசிக்க விரும்பி வருபவரும் முழுமையான மாணவரே.

எனவே இசைப் பள்ளிகளும் தனி ஆசிரியர்களும் வாரத்தில் ஒரு மாலையையேனும் பெரியவர்களுக்கென ஒதுக்கி, ஒத்த நிலையில் உள்ளவர்களை ஒன்றாக அமர்த்திக் கற்பிக்க முன்வர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் வில்லும் கரகரப்பதைக் கேட்கும்போது, வகுப்புக்கு மறுவாரமும் வரும் துணிவு பிறக்கிறது.

இப்படிக்கு,
வயலின் கற்கும் வாசகர் ஒருவர்